காலிக் கட்டத்தில் நான் எழுதிய சொல்

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுங்காயிலிருந்து மகேஸ்வரியும் லூமுட்டிலிருந்து அவருடைய தம்பி குமரனும் ஈப்போவில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்கத் தம்பி முன்வந்திருந்தார்.

2. இருவரிடமும் நான் ரத்தம் எடுத்தேன்.

3. மகேஸ்வரியின் படிவத்தில் 'கடந்த ஓராண்டில் பெற்ற சிகிச்சை' என்ற கட்டம் காலியாக இருந்தது.

4. அதில் நான் 'தியாடா' என்று எழுதினேன். மலாயில் 'இல்லை' என்று பொருள்.

5. சோதனையில் தம்பியின் டி செல்கள் அக்காவின் ரத்தத்தோடு ஒத்துப்போயின. பி செல்கள் ஒத்துப்போகவில்லை.

6. முடிவில் நான் கையெழுத்திட்டேன். என் மேலதிகாரியும் கையெழுத்திட்டார்.

7. தம்பியின் சிறுநீரகம் வேண்டாம் என்று மருத்துவக் குழு முடிவு செய்தது.

8. ஐந்து மாதம் கழித்து, எங்கள் முடிவு தவறு என்று தெரிந்தது.

வேலையில் எந்தப் பிசகு நடந்தாலும் முதலில் இப்படி எண் போட்டு எழுதிக்கொள்வது என் வழக்கம். எழுதிவிட்டால் எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று தெரியும். இந்தப் பட்டியலில் நின்றிருக்க வேண்டிய இடம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கிறது.

முப்பத்தெட்டு வயதில் பணி ஓய்வு என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடம் செய்துகொண்டிருந்த பொருத்தச் சோதனைகளைத் தலைநகருக்கு மாற்றிவிட்டார்கள். விரும்பியவர்கள் அங்கே போகலாம், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். பதின்மூன்று ஆண்டுகள் போதும் என்று தோன்றியது. விலகிக்கொண்டேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ரேகா தலைநகருக்குப் போனாள். சென்ற மாதம் அவள் தொலைபேசியில் பேசியபோது, இப்போது படிவம் முழுக்கக் கணினியில்தான் என்றாள். ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம்.

"நல்லதுதானே" என்றேன்.

"என்ன நல்லது அக்கா? எல்லாரும் தியாடானு அடிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடுறாங்கலா."

அவள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அனுப்பப் போகிறாளாம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பினாங்கில் நான்கு ஆண்டு, ஈப்போவில் ஆறு மாதப் பயிற்சி. முதல் ஆண்டு முழுவதும் குழாய்களுக்குப் பெயர் ஒட்டினேன். இரண்டாம் ஆண்டு செல் எண்ணினேன். அப்போது சோதனையை நுண்ணோக்கி வழியாகத்தான் செய்வோம். பெறுபவரின் ரத்தம் எதிர்த்தால் கொடுப்பவரின் செல் செத்துவிடும். செத்த செல் சாயத்தை உறிஞ்சிக் கறுப்பாகத் தெரியும், உயிருள்ளது பளிச்சென்று இருக்கும். ஒரு தட்டுக்கு எழுபத்திரண்டு குழிகள். ஒரு மணி நேரம் பார்த்தால் கண்ணை மூடினாலும் புள்ளிகள் தெரியும். பிறகு, செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு எண்ணும் கருவி வந்தது. கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது, முதுகுக்குக் கிடைக்கவில்லை.

என் மேலதிகாரி மேடம் ஸ்டெல்லா. பாரிட் புந்தாரைச் சேர்ந்தவர். ஞாயிறு காலைப் பூசைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திங்கள் காலை ஏழு இருபதுக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்பார். நிற்பார் என்றால் நிற்பார்தான். அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, அதில் கோப்புகள் உட்கார்ந்திருக்கும். முடிவைக் கொண்டுபோய் நீட்டினால் அதைப் பார்க்க மாட்டார். "மொதல்ல கண்ட்ரோல காட்டு" என்பார். எந்தச் சோதனை ஓடும்போதும் கூடவே, விடை நமக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு குழாய்கள் ஓடும். ஒன்றில் ரத்தத்தின் எதிர்ப்புப் புரதம் செல்லில் நிச்சயம் ஒட்டும், மற்றதில் நிச்சயம் ஒட்டாது. அவை இரண்டும் சரியாக வந்திருந்தால்தான் நோயாளியின் குழாய்க்குப் போவார். எண்களை வாய்விட்டுப் படிப்பார். பிடித்திருந்தால் கையெழுத்து. பிடிக்கவில்லை என்றால் பேனாவை மூடிவிடுவார். அந்தச் சின்னச் சத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

எந்த முடிவும் ஒருவர் கையெழுத்தில் வெளியே போகாது. எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், கண்டதைக் கொண்டுபோய் இன்னொருவருக்குக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் அனுப்பலாம். சேர்ந்த புதிதில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்ட்ரோல் சரியாக இருந்த ஒரு நாள், மேடம் கூட்டத்தில் இருந்ததால் நானே அனுப்பியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "நீ கண்டுபிடிச்சது ஒனக்குத் தெரியும். அது பத்தாது. காட்டு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பி செல் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் புரிந்துகொண்டது அந்த ஆண்டில்தான். பாடத்தில் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். ஆனால் ஒரு தாயும் மகனும் வந்தபோதுதான் அது தலைக்குள் இறங்கியது. மகன் லாரி ஓட்டுபவர். அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்திருந்தார். அம்மாவின் ரத்தத்தை மகனின் செல்களோடு சேர்த்ததும் அத்தனையிலும் ஒட்டியது. பெற்ற பிள்ளையை அம்மாவின் உடம்பு எப்படி வேண்டாம் என்று சொல்லும் என்று அந்த மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். மேடம்தான் அவரிடம் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். நம் ரத்தத்தில் பி செல்கள் கோடிக்கணக்கில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒருவகைக் கொக்கி மட்டும் உண்டு. அந்தக் கொக்கியில் பொருந்தும் அந்நியப் பொருள் எதிரே வந்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை அப்படியே உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கும். நறுக்கிய துண்டுகளில் சிலவற்றை, அதற்கென்றே இருக்கும் தட்டு போன்ற ஒரு புரதத்தில் வைத்து வெளியே நீட்டும். பிறகு காத்திருக்கும். தனக்கு வேண்டிய துண்டு எது என்று அறிந்த டி செல் ஒன்று வந்து தட்டைத் தொட்டுப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால், அந்த பி செல் பெருகும். அதன் வாரிசுகள், பிடித்த பொருளுக்கு எதிரான புரதத்தைச் சுரந்து தள்ளும், அவற்றில் சில, ஆண்டுக்கணக்கில் நினைவும் வைத்திருக்கும். எந்த டி செல்லும் வந்து சம்மதம் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் அந்த பி செல்லின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அந்தத் தாயின் உடம்பில் சம்மதம் முப்பது ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. கருவிலிருந்த மகனின் செல்கள் கொஞ்சம் அவர் ரத்தத்தில் கலந்திருக்கும். மகனிடம் தகப்பன் வழியாக வந்த புரதங்களை அவருடைய பி செல்கள் பிடித்துக் காட்டியிருக்கும். எல்லாத் தாய்மாருக்கும் இப்படி ஆவதில்லை. அவருக்கு ஆகியிருந்தது.

இதில் எங்கள் வேலைக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். துண்டைக் காட்டும் அந்தத் தட்டு ஆளுக்கு ஆள் மாறும். அது பி செல்லின் மேல் நிறைய உண்டு. சும்மா இருக்கும் டி செல்லின் மேல் இல்லை. ஆகவே கொடுப்பவரின் டி செல்லையும் பி செல்லையும் தனித்தனியாகப் பார்ப்போம். பெறுபவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம் பி செல்லில் மட்டும் ஒட்டினால், அது கொடுப்பவரின் தட்டுக்கு எதிரானது என்று சந்தேகிக்க வேண்டும். புதுச் சிறுநீரகத்திலும் அந்தத் தட்டு இருக்கும். ஒட்டிக்கொண்டால் சிறுநீரகம் போய்விடும்.

மகேஸ்வரி வந்தது இதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அவருக்கு அப்போது நாற்பத்தொன்று. சுங்காயில் தோட்டம் இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், வீடு, பாலர் பள்ளியில் வேலை. டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் கழுவ ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குமரன் அவரைவிட ஆறு வயது இளையவர், லூமுட் படகுத்துறையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். பொதுவாக ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மனிதர்களைப் பார்ப்பதில்லை, குழாய்களைத்தான் பார்ப்போம். ஆனால் இந்தச் சோதனைக்குக் கொடுப்பவரின் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் இருவரையும் எங்களிடமே வரச் சொல்லி, பக்கத்து அறையில் ரத்தம் எடுப்போம்.

குமரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே பேசினார்.

"ஒரே வயித்துல பொறந்தோம் மிஸ். ஒத்துப் போவாம எங்க போயிரும்?"

"சின்ன வயசுல ஒரு பென்சில் குடுக்க மாட்டான்" என்றார் மகேஸ்வரி என்னிடம். "இப்ப கிட்னி குடுக்க வந்திருக்கான்."

"பென்சில் ஒண்ணுதான் இருந்துச்சுக்கா. கிட்னி ரெண்டு இருக்குலா."

உடன்பிறந்தவர்கள் என்றாலும் முழுதாகப் பொருந்துவது நாலில் ஒரு வாய்ப்பு என்று சொன்னேன். பாதி பொருந்தினாலும் இப்போது செய்கிறார்கள், எதிர்ப்புப் புரதம் இல்லாமல் இருந்தால் போதும் என்றேன். குமரன் தலையாட்டினார். தன் மனைவி முதலில் சம்மதிக்கவில்லை என்றும், இரண்டு மாதம் பேசிச் சம்மதிக்க வைத்ததாகவும், முதலாளி ஆறு வாரம் விடுப்புத் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எல்லாம் கூடிவந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ரத்தம் எடுத்து முடித்ததும் படிவத்தைப் பார்த்தேன். சிகிச்சை பற்றிய கட்டம் காலி.

இப்படிக் காலியாக வரும் படிவங்களை என்ன செய்வது என்று எங்கள் நடைமுறை நூலில் தெளிவாக இருந்தது. ஏற்காதே, வார்டுக்குத் திருப்பு. நடப்பது வேறு. வார்டுக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுப்பவர் தனக்குத் தெரியாது என்பார். தெரிந்தவர் பசியாறப் போயிருப்பார். படிவத்தைத் திருப்பி அனுப்பினால் மறுநாள் வரும், சில சமயம் அதே கட்டம் காலியாகவே வரும். அதற்குள் இங்கே செல்கள் சாகத் தொடங்கும், கொடுப்பவர் மறுபடி லூமுட்டிலிருந்து வர வேண்டும். பெரும்பாலோருக்கு அந்தக் கட்டத்தில் எழுத எதுவும் இருக்கவும் இருக்காது. ஆகவே எல்லாரும் பெரிய எழுத்தில் 'தியாடா' என்று போட்டுவிடுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கும்.

நானும் எழுதினேன். மகேஸ்வரியும் குமரனும் என் மேசைக்கு மூன்றடி தள்ளி, கைமடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சோதனையில் எந்தப் பிழையும் இல்லை. குமரனின் ரத்தத்தை, அதைவிடக் கனமான ஒரு திரவத்தின் மேல் மெல்ல ஊற்றிச் சுழலவிட்டேன். சிவப்பணுக்கள் அடிக்குப் போய்விடும், நடுவில் அரிசி கழுவிய நீர் போல ஒரு வளையம் நிற்கும். நமக்கு வேண்டியது அந்த வளையம். அதை உறிஞ்சி எடுத்து, மூன்று முறை கழுவி, எண்ணி, மகேஸ்வரியின் ரத்த நீரோடு அரை மணி நேரம் வைத்தேன். மறுபடி கழுவினேன். ஒட்டியிருக்கும் மனித எதிர்ப்புப் புரதத்தைக் காட்டும் சாயத்தையும், டி எது பி எது என்று காட்டும் சாயங்களையும் சேர்த்துக் கருவியில் ஓடவிட்டேன். திரையில் விழும் வரைபடத்தில் டி செல்களின் மேடு, ஒட்டாத கண்ட்ரோலின் மேல் அச்சாகப் படிந்து நின்றது. பி செல்களின் மேடு வலப்பக்கம் வெகுதூரம் நகர்ந்திருந்தது, ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

மேடம் வந்தார். கண்ட்ரோல்களைப் பார்த்தார். எண்களை வாய்விட்டுப் படித்தார். படிவத்தை எடுத்துச் சிகிச்சைக் கட்டத்தைப் பார்த்தார், "தியாடா" என்று அதையும் படித்தார். கையெழுத்திட்டார்.

குழு வேண்டாம் என்று சொன்ன மறுநாள் குமரன் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். எண் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை.

"மிஸ், இன்னொரு தடவ பாத்தா என்ன? நான் வாரேன். நாளைக்கே வாரேன்."

மறுபடி பார்க்க மருத்துவர்தான் கேட்க வேண்டும் என்றேன். இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட முடிவு என்றும் சொன்னேன். அவர் சரி என்று வைத்துவிட்டார்.

இன்னொரு சோதனையும் உண்டு. சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு மனிதப் புரதம் பூசியிருக்கும். நோயாளியின் ரத்த நீரில் எந்தப் புரதத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று அது துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த ஆண்டு மணிகள் எங்களுக்கு வந்துசேரத் தாமதமானது. குழுவும் காத்திருக்காமல், கையிலிருந்த முடிவை வைத்து முடிவெடுத்திருந்தது. மணிகள் வந்தபோது, உறையவைத்திருந்த பழைய மாதிரிகளை வரிசையாக ஓட்டத் தொடங்கினேன். பதினோராவது மகேஸ்வரி. ஒரு மணியிலும் ஒட்டவில்லை. தம்பியின் எந்தத் தட்டுக்கும் அவரிடம் எதிர்ப்பு இல்லை.

மேடமிடம் காட்டினேன். கண்ட்ரோலைக் கேட்டார், காட்டினேன். பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களை வாய்விட்டுப் படித்தார்.

"அப்ப அன்னிக்கு பி செல்லுல ஒட்டுனது என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. சிலருடைய ரத்தத்தில் தன் சொந்த செல்களையே பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்கும், அது தானத்துக்குத் தடையாகாது. அப்படியா என்று பார்க்க மகேஸ்வரியின் ரத்த நீரை அவருடைய சொந்த பி செல்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் மூலமாக அவரை வரவழைத்தோம். ஒரு வியாழக்கிழமை, ரத்தம் கழுவாத நாளில், பேருந்தில் தனியாக வந்தார்.

அவருடைய செல்களைப் பிரித்துக் கருவியில் ஓடவிட்டேன். டி செல்கள் அவற்றுக்குரிய இடத்தில் கூட்டமாக வந்து விழுந்தன. பி செல்கள் விழ வேண்டிய மூலை வெறுமையாக இருந்தது. சாயம் போட மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். வெறுமை. வேறு நிறச் சாயம் எடுத்தேன். வெறுமை. மூன்றாவது முறை என் கையிலிருந்தே ரேகாவை ரத்தம் எடுக்கச் சொல்லி, என் செல்களையும் பக்கத்தில் ஓட்டினேன். என் பி செல்கள் எல்லாம் மூலையில் இருந்தன. மகேஸ்வரிக்கு ஒன்றுகூட இல்லை.

பி செல்கள் தாமாக இப்படிக் காணாமல் போவதில்லை. அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்கும் ஒரு மருந்து உண்டு. அதுவே ஓர் எதிர்ப்புப் புரதம்தான், பி செல்லின் மேலிருக்கும் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அன்று குமரனின் பி செல்களில் ஒட்டியது அந்த மருந்து. அக்காவின் உடம்பு தம்பியை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பிடித்துக் காட்டுவதற்கு அவரிடம் பி செல்லே இருக்கவில்லை.

மகேஸ்வரி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தம் கழுவ ஆரம்பிக்கும் முன்னால் ஊசி, மருந்து ஏதாவது போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கையில் டிரிப் ஏற்றும் மருந்து, பல மணி நேரம் ஏறியிருக்கும் என்றேன். பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

ரத்தம் கழுவும் நிலை வருவதற்குச் சற்று முன்னால், சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவர் அந்த மருந்தை இரண்டு முறை ஏற்றியிருக்கிறார். அரசாங்க மருத்துவமனையில் மகேஸ்வரி அதைச் சொல்லவில்லை.

"நாட்டு மருந்து சாப்புட்டேன்னு கிளினிக்ல எல்லாரு முன்னாடியும் ஏசிட்டாங்க மிஸ். இதையும் சொன்னா, நீ சொன்ன பேச்சு கேக்காதவ, ஒனக்கு எதுக்கு கிட்னினு சொல்லிருவாங்கனு பயந்துட்டேன்."

உள்ளே போய் மேடமிடம் சொன்னேன். அவர் பழைய கோப்பைத் தேடி எடுத்து, படிவத்தை விரித்து, அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பெரிய எழுத்து. வார்டு எழுத்தரும் அப்படித்தான் எழுதுவார், நாங்களும் அப்படித்தான் எழுதுவோம்.

"வார்டுல எழுதுனதுனுதான் விசாரிக்கிற கமிட்டி நெனைக்கும்" என்றார். எந்தத் தொனியும் இல்லாமல் சொன்னார். எனக்கு வழிகாட்டுகிறாரா, என்னைச் சோதிக்கிறாரா, வெறுமனே உண்மையைச் சொல்கிறாரா என்று இன்றைக்கும் தெரியாது.

"நான் எழுதினது மேடம்."

"தெரியும்." நாற்காலியிலிருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நானும் எழுதியிருக்கேன். எத்தனனு கணக்கு இல்ல."

அன்று பிற்பகல் பிழை அறிக்கையை எழுதினோம். முதல் வரைவில் 'சிகிச்சை விவரம் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். பேனாவை மூடினார். இரண்டாவதில் 'விவரம் கேட்கப்படவில்லை' என்று எழுதினேன். மறுபடி மூடினார். மூன்றாவதில் 'நான் கேட்காமல் இல்லை என்று எழுதினேன்' என்று வந்தது. கையெழுத்திட்டார். தன் பெயருக்குக் கீழே, இது இந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கமாக இருந்தது, அது எனக்குத் தெரியும் என்று தன் கையால் ஒரு வரி சேர்த்தார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பழைய கோப்புகளில் எத்தனை 'தியாடா' எங்களுடையது என்று பார்க்கச் சொன்னார்கள். ஆறு வாரம் பார்த்தோம். எழுத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை.

குமரனை மறுபடி வரவழைத்தோம். இந்த முறையும் மகேஸ்வரி கூட வந்தார். குமரனின் பி செல்களில் அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் புரதத்தை மட்டும் ஒரு நொதியால் சிரைத்துவிட்டு, மகேஸ்வரியின் பழைய ரத்த நீரோடும் புதிய ரத்த நீரோடும் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பி செல்களின் மேடு ஒட்டாத கண்ட்ரோலோடு சேர்ந்தே நின்றது. பொருத்தத் தடை எதுவும் இல்லை என்று திருத்திய முடிவு போனது.

மருத்துவமனை அவர்களுக்கு முறைப்படி ஒரு கடிதம் கொடுத்தது. அதில் 'விளக்கத்தில் ஏற்பட்ட பிழை' என்று இருந்தது. அந்தச் சொற்களை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுத்த அதே அறையில் உட்காரவைத்து, படிவத்தின் நகலைக் காட்டி, இந்தச் சொல்லை எழுதியவள் நான் என்று சொன்னேன்.

மகேஸ்வரி படிவத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் மிஸ். வுடுங்க."

கொஞ்ச நேரம் அந்த ஆறுதலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குமரன் நகலை எடுத்துப் பார்த்தார். அன்று பென்சில் பற்றிப் பேசிய குரல் இல்லை.

"என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். "ரெண்டு தடவயும் நான்தான் காடியில கூட்டிட்டுப் போனேன். அது ஏறி முடியிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்."

"டேய்" என்றார் மகேஸ்வரி.

"ஏசலக்கா. சொல்றேன்."

நகலை மடிக்காமல் மேசையில் வைத்தார்.

கொடுப்பவருக்கான உடற்சோதனைகள் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். குமரனுக்கு முதலில் எடுத்தவை காலாவதியாகியிருந்தன, எல்லாம் மறுபடி எடுத்தார்கள். முதல் முறை அவருடைய சர்க்கரை மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு இருந்தது, குழு ஏற்றுக்கொண்டிருந்தது. இந்த முறை எல்லையைத் தாண்டிவிட்டது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள். இன்னும் கூடியிருந்தது. சர்க்கரை நோய் உள்ளவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்க மாட்டார்கள். முதல் சோதனையோடு முடிந்திருந்தால் அறுவை நடந்திருக்குமா, நடந்திருந்தால் பிறகு குமரனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மேடமிடம் ஒருமுறை கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஆய்வுக்கூடம் மூடப்பட்டது, நானும் விலகினேன்.

ரேகாவுக்கும் அவளோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் நடைமுறை நூலில் இருப்பதோடு இதையும் சொல்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் நோயாளியைக் கேளுங்கள். கூட வந்தவரையும் கேளுங்கள். அவர்கள் போய்விட்டிருந்தால் தொலைபேசி எடுங்கள், எடுக்கும்வரை எடுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

மகேஸ்வரி இப்போதும் திங்கள், புதன், வெள்ளி சுங்காயில் ரத்தம் கழுவுகிறார். பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. குமரன் காலையும் மாலையும் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மகேஸ்வரியின் பி செல்கள் திரும்பி வந்துவிட்டன. வேறு யாரும் கொடுக்க முன்வரவில்லை.